ஒரு விண்ணப்பப் படிவத்தின் முன்கதை

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து மாலை ஒன்றில், கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவின் இணைய மையத்தில் ஒரு கணிப்பொறியின் முன் நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம். பக்கத்து இருக்கையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவி. அவளுக்குப் பின்னால் நின்றபடி அவள் தந்தை. இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்ப்பவர், இரவுப் பணிக்குப் போகவேண்டிய உடையிலேயே வந்திருந்தார். துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான ஒருங்கிணைந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு மருத்துவப் படிப்பின் விண்ணப்பம் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். இப்பகுதியில் கல்லூரி ஆசிரியன் என்றால் எல்லாப் படிவங்களும் தெரிந்தவன் என்று பொருள்.

குடியுரிமை, பிறப்பிடம், வகுப்பு, உட்பிரிவு, குடும்பத்தில் முதல் பட்டதாரியா, படித்த பள்ளி, மதிப்பெண்கள், விரும்பும் படிப்புகள் எனக் கேள்விகள் பக்கம் பக்கமாக நீண்டன. சற்று நேரம் பொறுத்துப் பார்த்த தந்தை கேட்டார்:

"இவ்ளோ கேள்வி எதுக்கு சார்? மார்க்கு ஒண்ணு போதாதா?"

அன்று அவசரத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடைதான் இக்கட்டுரை.

பிறப்பிடம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் இது வெறும் சடங்குக் கேள்வி அன்று. ஆந்திர எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை இரு மொழியினருக்கும் சென்னை மாகாணத்தின் கல்லூரிகளே பொது. திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது 1960 ஏப்ரல் முதல் நாளில்தான். எல்லைக்கோடு வரையப்பட்ட பிறகு, யாருடைய பிள்ளைக்கு எந்த மாநிலத்தின் இடம் என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. அதற்கு முந்தைய கேள்வியான குடியுரிமை இன்னும் கடுமையானது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் ஒன்று உண்டு. 2021-இல் அரசு இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஆனால் 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைக்கு இடமில்லை. இவ்வூர்ப் பள்ளிகளிலேயே படித்து வளர்ந்த அம்முகாமின் பிள்ளைகள், இந்தக் கட்டத்தின் முன் நிற்கும்போதுதான் தாங்கள் வேற்று நாட்டார் என்பதை மீண்டும் ஒருமுறை அறிகிறார்கள்.

அடுத்தது வகுப்பு. இக்கட்டத்தின் வரலாறு நெடியது. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த வகுப்புவாரி ஆணையைத் தொடக்கமாகக் கொள்ளலாம். விடுதலை பெற்ற காலத்தில் நடைமுறையில் இருந்த ஆணை, தொழிற்கல்லூரிகளின் ஒவ்வொரு பதினான்கு இடங்களையும் இவ்வாறு பங்கிட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. அந்தப் பதினான்கில் பழங்குடியினர் என்ற பெயரே இல்லை என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆணையை எதிர்த்து 1950-இல் சென்னை உயர்நீதிமன்றம் சென்றவர் செண்பகம் துரைராஜன். அப்போது மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு, மொத்த இடங்கள் 330. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது. அதன் விளைவாக அவ்வாண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. கல்வியில் பிற்படுத்தப்பட்டோர்க்கும் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அப்படிப் பிறந்ததுதான். இவை பலரும் அறிந்த செய்திகள். பலரும் கவனிக்காத ஒன்று தீர்ப்பிலேயே இருக்கிறது: செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்துப் பார்த்ததில் இடம் கிடைக்காது என்று அறிந்து, படிவம் போடாமலே நீதிமன்றம் வந்தார். இந்திய வரலாற்றில் கல்லூரிச் சேர்க்கை பற்றிய மிகப் பெரிய வழக்கு, எழுதப்படாத ஒரு விண்ணப்பத்தைப் பற்றியது.

விண்ணப்பம் ஏன் ஒரே இடத்துக்குப் போகிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அறுபதுகளில் மருத்துவ இடங்களை மக்கள்தொகைக்கு ஏற்ப மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் முறையை அரசு கொண்டுவந்தது. நல்ல பள்ளிகள் நிறைந்த சென்னை நகரம் எல்லா இடங்களையும் விழுங்கிவிடக்கூடாது என்பது அதன் நியாயம். 1968-இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. ஒரு மாவட்டத்தில் அதிக மதிப்பெண் பெற்றவர் வெளியே நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் உள்ளே போவது சமத்துவம் ஆகாது என்பது தீர்ப்பு. பின்னர் கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாக்கி, ஒவ்வோர் அலகுக்கும் ஒரு தேர்வுக்குழு அமைத்தார்கள். 1970-இல் பெரியகருப்பன் வழக்கில் அதுவும் தள்ளுபடியானது. மாநிலம் முழுமைக்கும் ஒரே தரவரிசை என்ற இன்றைய ஏற்பாட்டின் வேர் இவ்விரு தீர்ப்புகளில் இருக்கிறது.

பெரியகருப்பன் தீர்ப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. அக்காலத்தில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்கு உரியது. அது மிகை என்று நீதிமன்றம் சொன்னது. சில நிமிட நேர்காணலில் ஒரு பிள்ளையின் ஆங்கிலமும் உடையும் தந்தையின் தொழிலும் எத்தனை மதிப்பெண் பெறும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைய படிவம் முகம் பார்ப்பதில்லை. கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றைக் கேட்கிறது, ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது. குறைகள் பலவற்றுக்கிடையே இது ஒரு பெரிய நன்மை.

எஞ்சியது மதிப்பெண். தந்தை நினைத்ததுபோல் அதுவும் எளிய கட்டம் அன்று. 1984-இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பயிற்சி மையங்கள் நகரங்களில்தான் இருந்தன. கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதை ஒழித்தது. 2010-இல் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது, படிவத்தில் ஒரு கட்டம் கூடியது. 2017 முதல் மருத்துவப் பட்டப்படிப்புக்கு நீட் தேர்வே வாயில் ஆயிற்று. அதன் சுமையை ஓரளவு ஈடுசெய்ய 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு செய்யப்பட்டது. நான் சொல்லும் ஆண்டில் துணை மருத்துவப் படிப்புகளுக்கு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது. நீட் பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத அந்தக் குடும்பம் இப்படிவத்தின் முன் வந்து அமர்ந்ததற்கு அதுவே காரணம்.

ஆக, மாநிலம் முழுமைக்கும் ஒரே வரிசை என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வரிசைக்கு வந்து சேர ஒவ்வொருவரும் நடக்கும் தூரம் ஒன்றல்ல. மதிப்பெண் அந்தத் தூரத்தைக் காட்டாது. அதைக் கணக்கில் எடுக்கும்படி போராடியவர்கள் ஒவ்வொருவராகச் சேர்த்தவைதான் மற்றக் கட்டங்கள். மதிப்பெண் ஒன்றை மட்டும் கேட்கும் படிவம் பார்க்க எளிமையாக இருக்கும். அந்த எளிமையின் விலையைக் கொடுப்பவர்கள் அந்தத் தந்தையைப் போன்றவர்கள்.

இதைச் சொல்லிவிட்டு, அன்று நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் இருளர்கள். தமிழகத்தில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு குடிகளுள் ஒன்று. பழங்குடியினர்க்கெனத் தனியாக ஒரு விழுக்காடு 1990-இல் ஒதுக்கப்பட்டது. 1947-இன் பதினான்கு இடங்களில் இல்லாத பெயருக்கு, நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு கட்டம் கிடைத்தது. ஆனால் கட்டத்தை நிரப்பச் சான்றிதழ் வேண்டும். பிற வகுப்பினர்க்கு வட்டாட்சியர் அளவில் கிடைக்கும் அச்சான்று, பழங்குடியினர்க்குக் கோட்டாட்சியரிடமிருந்துதான் வரவேண்டும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த விதி அது. அவர்கள் விண்ணப்பம் கொடுத்து மாதங்களாகியும் விசாரணை முடியவில்லை. அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் அச்சான்று பெற்றதில்லை, எனவே காட்டுவதற்கு முன்சான்றும் இல்லை. எண் இல்லாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. கடைசி நாளுக்கு இன்னும் ஒரு நாளே இருந்தது.

"பொதுப் பிரிவுன்னு போட்டுடுங்க சார்" என்றாள் அவள். போட்டேன்.

கடைசிப் பக்கத்தில் விருப்பப் படிப்புகள். முதலில் அவள் தேர்ந்தது பி.எஸ்சி. பிசிசியன் அசிஸ்டென்ட், அதாவது மருத்துவர் உதவியாளர். "அசிஸ்டென்ட்டுன்னா அப்புறம் டாக்டர் ஆக முடியாதா சார்?" என்று கேட்டாள். முடியாது என்றேன். அதற்கும் ஒரு முன்கதை உண்டு.

மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே ஓர் உதவியாளர் என்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1835-இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அதன் நோக்கமே அப்போத்திகரிகளையும் டிரஸ்ஸர்களையும் பயிற்றுவிப்பதுதான். வெள்ளைக்கார மருத்துவர்களின் கீழ் வேலைசெய்ய ஆள் வேண்டியிருந்தது. 1850-இல் அது கல்லூரியாயிற்று. பட்டம் பெற்ற மருத்துவர்கள் ஒருபுறம் வர, எல்.எம்.பி. என்ற சான்றுடன் குறைந்த ஆண்டுகள் படித்தவர்கள் மறுபுறம் சிற்றூர்களுக்குச் சென்றார்கள். 1946-இல் வெளியான போர் குழுவின் அறிக்கை தரும் கணக்கின்படி, நாட்டின் பதிவுபெற்ற மருத்துவர் 47,524 பேரில் பட்டதாரிகள் 17,654 பேர், எஞ்சிய 29,870 பேரும் இத்தகைய சான்றிதழ் மருத்துவர்களே. அக்குழு இனி ஒரே தரத்து மருத்துவர் போதும் என்று பரிந்துரைத்தது. குழுவிலேயே சிலர் மறுத்தனர். இரண்டாம் தரம் என்ற இழிவு ஒழிந்தது நல்லதே. ஆனால் அவர்கள் செய்த வேலை ஒழியவில்லை. அதைக் கம்பவுண்டர்களும் செவிலியரும் பெயரில்லாமல் செய்தார்கள்.

அதே வேலை மீண்டும் பெயர் பெற்றது அமெரிக்காவில். 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் கடற்படையில் மருத்துவப் பணியாற்றித் திரும்பிய நால்வரைக் கொண்டு இப்படிப்பைத் தொடங்கினார். மூவர் 1967-இல் தேறினர். இந்தியாவில் இதனை முதலில் கொண்டுவந்தது சென்னைதான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியனின் முயற்சியால் அது தொடங்கிற்று. இதே செரியன் பின்னாளில் கும்மிடிப்பூண்டியை அடுத்த எளாவூரில் மருத்துவ ஆய்வு வளாகம் ஒன்றை நிறுவினார் என்பது எங்கள் ஊர்க்காரர்க்குத் தெரியும். 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழிலர் சட்டம் இவர்களையும் ஒரு தொழிலராக ஏற்றது. பெயர்ச் சண்டை மட்டும் எங்கும் ஓயவில்லை. 2021-இல் அமெரிக்கச் சங்கத்தார் 'உதவியாளர்' வேண்டாம், 'இணைவர்' என்றே அழைக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். பிரிட்டனில் 2025-இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று அதற்கு நேர்மாறாக, 'இணைவர்' என்றிருந்ததை 'உதவியாளர்' என்று மாற்றச் சொன்னது.

அமெரிக்காவிலும் இப்படிப்புக்கு ஓர் ஒருங்கிணைந்த விண்ணப்பம் 2001 முதல் உண்டு. அதில், இத்தொழிலுக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று ஐயாயிரம் எழுத்துக்குள் சொல்லும்படி ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். நம் படிவத்தில் அந்த இடம் இல்லை. இருந்திருந்தால், இரவில் உலையருகே கை வெந்த தந்தைக்கு மருந்து கட்டத் தெரியாமல் நின்ற கதையை அவள் எழுதியிருப்பாள். அவ்விடம் இல்லாததும் நல்லதே என்று ஒரு மனம் சொல்கிறது. கதை சொல்லத் தெரிந்தவர்க்கு மதிப்பெண் கொடுத்தால், அது பழைய நேர்முகத் தேர்வின் இன்னொரு வடிவமாகிவிடும்.

அவ்வாண்டு அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு படித்தாள். மறு கோடையில் சான்றிதழ் வந்தது. அதே இணைய மையத்தில் மீண்டும் அமர்ந்தோம். இம்முறை வகுப்பு என்ற கட்டத்தில் தந்தையே விரலை வைத்துக் காட்டி, "இங்க இருளர்னு போடு பாப்பா" என்றார். எண்ணை இருமுறை சரிபார்த்து அவளே தட்டச்சு செய்தாள். கலந்தாய்வில் இடம் கிடைத்தது. தொடர்வண்டியில் சென்னைக்குப் போய்வந்து படிக்கிறாள்.

இந்த வருடம் அவளுடைய தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. அக்காளின் சான்றிதழ் இருப்பதால் அவனுக்கு விசாரணை எளிது என்கிறார்கள். சான்றிதழின் நகல்கள் பத்து எடுத்துப் பெட்டியில் வைத்திருப்பதாகத் தந்தை சொன்னார்.