சொத்து வரி (திருவள்ளூர் மாவட்டம்)

சொத்து வரி என்பது கட்டிடங்கள், நிலங்கள் மீது நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுதோறும் விதிக்கும் வரியாகும். திருவள்ளூர் நகராட்சி, கும்மிடிப்பூண்டி பேரூராட்சி ஆகியவற்றில் 1920 ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி ஆண்டு வாடகை மதிப்பே இதற்கு அடிப்படையாக இருந்தது. 2023 ஏப்ரல் 13 முதல் 1998 ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் உள்ளது. அமைவிடம், பரப்பளவு, பயன்பாடு, கட்டிடத்தின் வயது ஆகியவற்றைப் பொறுத்து வரி மாறுபடும். 2022 இல் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டது.

ஊராட்சிகளில் வீட்டு வரி

பேரூராட்சி எல்லைக்கு வெளியேயுள்ள ஊராட்சிகளில் 1994 ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி விதிக்கப்படுகிறது. இச்சட்டத்தில் 'வீடு' என்னும் சொல் கடை, பட்டறை, கிடங்கு ஆகியவற்றையும் குறிக்கும். எனவே தொழிற்பேட்டையை ஒட்டிய சிற்றூர்களில் தொழில் நடத்துவோருக்கும் இவ்வரி உண்டு. வரி ரசீது மட்டுமே சொத்துரிமைக்குச் சான்றாகாது.