துளை அட்டையும் பிரிண்டர் மையும்

பிரிண்டர் வாங்கப் போறவங்க கிட்ட "மெஷின் விலையைப் பாக்காதீங்க, மை விலையைக் கேளுங்க"ன்னு எல்லாரும் சொல்றோம். மெஷினை நம்ம தலையில கட்டிட்டு, உள்ள போடற சரக்குல காசு பாக்கறது ஏதோ நம்ம காலத்து வித்தைன்னு ஒரு நினைப்பு. இல்லைங்க. கிட்டத்தட்ட நூறு வருஷப் பழசு. கோர்ட்டுப் படி ஏறின பழசும்கூட.

கம்ப்யூட்டர் வராத காலம். அமெரிக்காவுல ரயில்வே, இன்சூரன்ஸ், அரசாங்கம்னு பெரிய இடத்துக் கணக்கெல்லாம் துளை போட்ட அட்டைகளில்தான் இருந்தது. 1928ல் ஐ.பி.எம். கொண்டு வந்த அட்டையில் 80 பத்திகள், செவ்வகத் துளை. போட்டிக் கம்பெனியான ரெமிங்டன் ராண்ட் போட்டது வட்டத் துளை. இவங்க அட்டை அவங்க மெஷின்ல ஓடாது. இதுல இன்னொரு கூத்து, ஐ.பி.எம். மெஷினை விற்காது, வாடகைக்கு மட்டும்தான் தரும். வாடகை ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை: எங்க அட்டையைத்தான் போடணும்.

அமெரிக்க அரசு வழக்கு போட்டது. "அட்டையோட தடிமன் கொஞ்சம் மாறினாலும், கார்பன் புள்ளி இருந்தாலும் கணக்கு தப்பாகும், எங்க பேர்தான் கெடும்" என்பது ஐ.பி.எம். வாதம். (கண்ட கண்ட மையைப் போட்டா பிரிண்டர் கெட்டுடும்னு இப்ப சொல்றாங்களே, அதே வசனம் :-)) ஆனா அதே அரசாங்கம், வாடகையைக் கூடுதலாகக் கொடுத்து, தன் சொந்த அட்டையை அதே மெஷின்ல ஓட்டிக்கிட்டிருந்தது. நல்லாவே ஓடிச்சு! அட்டை எப்படி இருக்கணும்னு அளவு சொல்லுங்க, உங்க கிட்டதான் வாங்கணும்னு கட்டாயப்படுத்தாதீங்கன்னு 1936ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நிபந்தனை செல்லாது.

இத்தோட பூட்டு உடைஞ்சிருக்கணும் இல்லையா? உடையலை. 1956ல் அரசாங்கம் மறுபடி இன்னொரு வழக்கை முடித்து, மெஷினை விலைக்கும் விற்கணும்னு ஐ.பி.எம்.மை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருந்தது.

எனக்குத் தோணுற காரணம் இதுதான். கோர்ட் உடைத்தது விற்கிறவன் போட்ட பூட்டை. வாங்கினவன் தானே போட்டுக்கிட்ட பூட்டு ஒண்ணு இருக்கு. பல வருஷமா துளை போட்டு, அலமாரி அலமாரியா அடுக்கி வெச்ச அட்டைகள். வட்டத் துளை மெஷினுக்கு மாறணும்னா அத்தனையும் திரும்ப அடிக்கணும். யார் அடிப்பா?

1964ல் ஐ.பி.எம். சிஸ்டம்/360 வரிசையை அறிவிச்சதும் இந்த ரெண்டாவது பூட்டு இன்னும் கெட்டியாச்சு. அதுவரைக்கும் ஐ.பி.எம்.மோட ஒரு மெஷினுக்கு எழுதின புரோகிராம் அவங்களோட இன்னொரு மெஷின்லகூட ஓடாமப் போகும். 360ல சின்ன மெஷினுக்கு எழுதினது பெருசுலயும் ஓடும். வாடிக்கையாளருக்கு நிஜமாவே பெரிய நிம்மதி. இதை நான் சூழ்ச்சின்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு புரோகிராமா எழுத எழுத, வெளியே போற வழி ஒவ்வொரு செங்கல்லா அடைஞ்சுக்கிட்டே வந்துச்சு. வசதியும் பூட்டும் ஒரே கதவுலதான் இருக்கு.

அதைத் திறந்தவர் உள்ளே இருந்தவர்தான். 360ஐ வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஜீன் அம்டால். 1970ல் வெளியே வந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1975ல் அவர் கொடுத்த 470வி/6, ஐ.பி.எம். புரோகிராம்களை அப்படியே ஓட்டியது. வாடிக்கையாளர் எதையும் திரும்ப எழுத வேண்டாம், மெஷினை மாத்தினா போதும். கோர்ட் தீர்ப்பால ஆகாததை, பொருந்தற மாதிரி இன்னொரு பெட்டி செஞ்சிடுச்சு.

கதையோட கடைசித் திருப்பம் இதைவிட சுவாரசியம். 1991ல் ஐ.பி.எம். தன் பிரிண்டர் பிரிவைக் கைகழுவியது. அதுதான் லெக்ஸ்மார்க். அந்த லெக்ஸ்மார்க், டோனர் கார்ட்ரிட்ஜை ரீஃபில் பண்ணி விற்றவங்க மேல வழக்கு போட, 2017ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: வித்த பிறகு அந்தப் பொருள் மேல உன் காப்புரிமை முடிஞ்சது. அட்டை போய் டோனர் வந்தது, அவ்வளவுதான்! ஆனா கார்ட்ரிட்ஜ்ல சிப் வைக்காதேன்னு அந்தத் தீர்ப்பு சொல்லலை. காகிதத்துல இருந்த நிபந்தனை சிலிக்கானுக்குக் குடி போயாச்சு.

இதை நமக்குப் பொருத்திப் பாருங்க. இந்த போன் நல்லதா அந்த போன் நல்லதான்னு அடிச்சுக்கறோம். நம்ம அட்டை அலமாரி எது? பத்து வருஷத்துப் போட்டோ, அரட்டை, எழுதி வெச்சதெல்லாம். அதை வேற கம்பெனிக்கு அப்படியே தூக்கிட்டுப் போக முடியுமா, அங்கே திறக்குமா? வாங்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இதுதான்னு நினைக்கிறேன். ஏன்னா அலமாரி நிறைஞ்ச பிறகு கேட்டா, பதில் தெரிஞ்சாலும் பிரயோஜனம் இல்லை.

நீங்க இப்படி எங்கேயாவது மாட்டி, வெளியே வந்தவங்களா? எப்படி வந்தீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.