கிரயமும் கெடுவும்

ஸ்திர சொத்தில் முதல் போட எண்ணிப் புதிதாய்ப் புறப்படுகிறவர், விலையைக் குறைத்துப் பேசுவதிலேயே தம் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருப்பதாகக் கருதுவது இயல்பு. ஆனால் தமிழ்நாட்டில் நிலமும் வீடும் கைமாறி வந்த வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், பேரத்தின் உயிர் விலையில் மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை என்பது விளங்கும். பணம் எப்போது கைக்கு வர வேண்டும், சுவாதீனம் எந்நாளில் மாற வேண்டும், பழைய கடனை யார் தீர்ப்பது, கெடு தவறினால் யாருக்கு நஷ்டம் என்ற ஷரத்துகளிலேதான் அது தங்கியிருந்தது. அந்த ஷரத்துகளில் பலவற்றின் பின்னால் யாரோ ஒருவர் நிலத்தை இழந்த துயரமும் நிற்கிறது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபைகள் நிலம் விற்ற செய்தி ஏராளமாகக் கிடைக்கிறது. நாற்பாலெல்லையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட, உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாம் அடங்க விற்றோம் என்று எழுதி, ஆவணக்களரியிலே பொன்னைக் குறைவறப் பெற்றுக்கொண்டதாகச் சபையார் கையெழுத்திடுவார்கள். இவற்றில் என் கவனத்தை மிகவும் ஈர்ப்பது விலையோடு சேர்ந்துவரும் இன்னொரு தொகை. கோயிலுக்கு நிலம் வாங்கி விடுகிற கொடையாளர் பலர், விலைப்பொருளை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், அந்நிலத்தின் மீதுள்ள இறைக்கு ஈடாக இறைதிரவியம் என்று ஒரு மொத்தத் தொகையையும் சபையின் கையில் வைத்தார்கள். சபையோ சந்திராதித்தர் உள்ளவரை வரியைத் தானே செலுத்திக்கொண்டு நிலத்தை இறையிலியாக்கித் தருவதாக ஒப்புக்கொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கிரயத்தை நிலத்தின் விலை வேறு, சுமையின் விலை வேறு என்று இரண்டாகப் பகுத்துப் பேசத் தெரிந்திருந்தது நம் முன்னோர்க்கு.

மூலத்தைப் பார்க்காமல் எதையும் முடிக்கலாகாது என்ற விவேகமும் அக்காலத்ததே. பெரியபுராணத்தில், தம் திருமணப் பந்தலுக்குள் வந்து, நீ எனக்கு அடிமை என்று வழக்குரைத்த முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவரோ, கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக என்னிடம் இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அந்த மூலத்தை வாங்கி, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புச் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை இத்தனை நுட்பமாக எழுதியிருப்பதிலிருந்து, ஆவண விசாரணை அன்றைய சமூகத்துக்கு எவ்வளவு பழகிய காரியமாக இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் மன்றோ நிலைநாட்டிய ரயத்துவாரி முறை பட்டாதாரர் ஒவ்வொருவரையும் சர்க்காருக்கு நேர்ப்பொறுப்பாளியாக்கிற்று. நிலம் தனி மனிதனின் பேரில் நின்றது, ஆகவே தனி மனிதனின் கடனுக்கும் அது பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கிஸ்திக்கோ கல்யாணத்துக்கோ பணம் தேவைப்பட்டவன் முன்னால் பல வழிகள் இருந்தன. நிலத்தை ஒத்திக்கு விட்டு, மகசூலை வட்டிக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம். அசல் திரும்பினால் நிலம் திரும்பும். அல்லது கெடு வைத்துக் கிரயம் எழுதலாம். பார்வைக்கு அது விற்பனை. குறித்த நாளுக்குள் பணத்தைக் கட்டினால் நிலம் மீளும், கட்டாவிட்டால் அந்த நாளோடு சுத்தக் கிரயமாகிவிடும். ஐந்நூறு ரூபாய்க் கடனுக்கு இரண்டாயிரம் பெறுமான நஞ்சை போய்விடக்கூடிய ஏற்பாடு இது என்பதை, மழை பொய்த்த ஓர் ஆண்டு வந்த பிறகே எழுதிக்கொடுத்தவன் உணர்வான்.

இந்தக் கெடுக்கிரயத்தை என்ன செய்வது என்று நீதிமன்றங்கள் நெடுங்காலம் தடுமாறின. எழுதியது எழுதியதே, கெடு தவறினால் நிலம் போயிற்று என்பது பழைய வழி. 1858 முதல் சென்னையின் மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் அதாலத், வடிவம் கிரயமானாலும் சாரம் கடனே, ஆகவே கெடு கழிந்தாலும் பணம் கட்டி மீட்கலாம் என்ற தர்மநியாயத்தைக் கைக்கொண்டது. 1870-இல் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இதை ஏற்க மறுத்து, உடன்படிக்கையின் வாசகப்படியே நடக்க வேண்டும் என்றது. 1875-இல் அதே கவுன்சில், நீதிமன்ற நடவடிக்கை வழியாக அல்லாமல் மீட்புரிமை அழியாது என்று சட்டமே வகுத்துவிடுவது நலம் என்ற கருத்தையும் வெளியிட்டது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் அவ்வாறே வகுத்தது: அடமானம் எந்த வேஷத்தில் இருந்தாலும், கோர்ட்டின் தீர்ப்பு வரும் வரையில் கடன்பட்டவனுக்கு மீட்கும் பாத்தியதை உண்டு. பிறகு 1929-இல் ஒரு திருத்தம் வந்தது. மீட்கும் ஷரத்து அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் அல்லாமல் அதை அடமானமாகக் கொள்ளலாகாது என்றது அது. தனிக் காகிதத்தில் திருப்பிக் கொடுப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு, மூலப் பத்திரத்தைச் சுத்தமாய் விட்டுவைத்தவர்களின் கதி என்ன ஆயிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது. வழக்குகளுக்குத் தெளிவு தேடி வந்த திருத்தம், பத்திரம் எழுதும் இடத்தில் யார் சொல் எடுபடுமோ அவர்கள் கைக்கே வலுவைச் சேர்த்தது.

வாங்குபவர் தரப்பின் நியாயமான கலையும் இக்காலத்திலேதான் முதிர்ந்தது. பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், புத்திர பௌத்திர பாரம்பரியமாய்த் தான விக்கிரய சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்ற கம்பீர வாக்கியத்துக்கு முன்னால், பைசல் விவரம் என்று சில வரிகள் இருக்கும். கிரயம் ஐயாயிரம் என்று வைத்துக்கொண்டால், அச்சாரமாக முன்பே வாங்கிக்கொண்டது ஐந்நூறு, முன் அடமானக் கடனுக்குத் தாங்களே செலுத்தும்படி தங்கள் வசமே நிறுத்தியது மூவாயிரம், சப்-ரிஜிஸ்திரார் முன்னிலையில் ரொக்கமாகப் பெற்றது ஆயிரத்தைந்நூறு என்று கணக்கு நடக்கும். நிறுத்தி வைத்த அந்த மூவாயிரத்தில் இருக்கிறது நுட்பமெல்லாம். விற்பவர் முழுத் தொகையையும் வாங்கிச் சென்று கடனைத் தீர்க்காமல் விட்டுவிடும் அபாயம் வாங்குபவருக்கு நீங்குகிறது. கைமுதல் இரண்டாயிரம் மட்டும் உள்ளவர்கூட ஐயாயிரம் பெறுமான சொத்துக்கு உரியவராகி, கடனைப் பின்னர் அடைக்க வழி பிறக்கிறது. ஆனால் பொறுப்பேற்ற பணத்தை அவர் கட்டாமற்போனால் கடன்காரன் சொத்தின் மேலேயே பாய்வான் என்பதையும், விற்றவர் தமக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு அவர்மேல் வழக்கிடலாம் என்பதையும் நல்ல பத்திர எழுத்தர் புதியவருக்கு முதலிலேயே எடுத்துச் சொல்லுவார்.

சென்னைப் பட்டணத்து வீடுகளுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. சென்னை, கல்கத்தா, பம்பாய் போன்ற நகரங்களில் தஸ்தாவேஜுகளைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அப்போது அடமானம் ஏற்பட்டுவிட்டது. எழுத்தும் வேண்டியிருக்கவில்லை, பதிவும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே வில்லங்கச் சான்றில் ஒரு கறையும் இல்லாத வீடு, தாய்ப்பத்திரம் யாரோ ஒருவரின் இரும்புப் பெட்டியில் கிடப்பதால் கடனில் மூழ்கியிருக்கவும் கூடியதாயிருந்தது. அசல் பத்திரங்களைக் கண்ணால் கண்ட பிறகே அச்சாரம் என்று பட்டணத்துத் தரகர்களில் நேர்மையானவர்கள் பிடிவாதமாய் நின்றதற்கு இதுவே காரணம். வாடகை வருமானத்துக்காக வீடு வாங்கியவர், 1940-களிலிருந்து வாடகைக் கட்டுப்பாடு வந்த பின்னர், குடியிருப்பவரோடு வாங்குகிறோமா, காலி செய்த சுவாதீனத்தோடு வாங்குகிறோமா என்பதையும் ஷரத்தாக்கியே விலை சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே வீட்டுக்கு அவ்விரண்டு நிலையிலும் மதிப்பு ஒன்றாக இருக்கவே முடியாது.

கிரய உடன்படிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பதாக ஒப்பந்தம் எழுதிய மாத்திரத்தில் சொத்தில் எந்த உரிமையும் பிறப்பதில்லை. எனினும் முறைப்படி கொடுத்த முன்பணத்துக்கு, வாங்குபவர் தம் தவறால் பின்வாங்காத வரையில், அந்தச் சொத்தே பொறுப்பாக நிற்கும். விற்பவர் கிரயம் செய்து தர மறுத்தால், 1877-இலும் பின் 1963-இலும் வந்த குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டங்களின் கீழ் நிறைவேற்றும்படி கேட்கலாம். அப்போது கோர்ட்டு வாங்குபவரிடம் முதலில் தேடுவது, மீதித் தொகையோடு அவர் ஆரம்பம் முதல் இறுதிவரை தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தாரா என்பதையே. அச்சாரம் கொடுத்துவிட்டு, விலை ஏறட்டும் என்று கெடுவை நீட்டிக்கொண்டே போனவர்களின் வழக்குகள் இந்த ஒரு கேள்வியிலேயே தோற்றிருக்கின்றன. கெடுவுக்கு முன்பே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, பணத்தோடு ரிஜிஸ்திரார் கச்சேரிக்கு வந்து காத்திருந்ததைச் சாட்சியத்தோடு காட்டியவர்களின் வழக்கோ நின்றது.