கோமாளி மீனுக்கு யார் துணை?

நண்பர் ஒருவர் உப்புநீர்த் தொட்டியில் ஐந்து கோமாளி மீன்களை விட்டார். எல்லாம் ஒரே அளவு. நாலு மாசத்தில் மிஞ்சினது இரண்டுதான். "தண்ணியில ஏதோ கோளாறு. இனி இதோட வேற எந்த மீனை விடலாம்?"னு கேட்டார். கோளாறு தண்ணியில இல்ல. அதைப் புரிஞ்சுக்கக் கொஞ்சம் வரலாறு பார்க்கணும்.

கத்பர்ட் காலிங்வுட் என்ற ஆங்கில இயற்கையியலாளர் தென்சீனக் கடலில் சுமார் இரண்டடி அகலமான கடல் சாமந்திகளையும், அவற்றுக்குள் வாழும் மீன்களையும் கண்டு 1868இல் எழுதினார். அந்த மீனை ஏறக்குறைய ஒட்டுண்ணி என்றே வகைப்படுத்தினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை மாற்றின. சாமந்தியைக் கடிக்க வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கோமாளி மீன் விரட்டுகிறது. அதன் கழிவு சாமந்திக்குள் வாழும் பாசிக்கு உரமாகிறது. ஓசிக் குடித்தனம் இல்லை, வாடகை கொடுக்கும் குடித்தனம்.

அடுத்த கேள்வி: வீட்டுக்குள் யார் யார்? 1977இல் ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் பதில் சொன்னார்கள். பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் போய்விட்டால் ஆணே பெண்ணாக மாறும். பெரிய குஞ்சு ஆண் இடத்துக்கு வரும். 2003இல் பீட்டர் பஸ்டன் இன்னொன்றைக் காட்டினார். கீழ்ப்படியில் உள்ள மீன், மேலே உள்ளதை எட்டாதபடி தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. மீறினால் வெளியேற்றம்தான்.

கடல்லயாவது வெளியேற இடம் இருக்கு. கண்ணாடித் தொட்டியில எங்க போகும்? ஐந்தும் ஒரே அளவா இருந்தா யார் பெரியவர்னு அடிச்சுத்தான் தீர்க்கணும்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: இருக்கிற ஜோடி போதும், மூணாவது கோமாளி வேண்டாம், வேற இனக் கோமாளியும் வேண்டாம். கோபி, ராயல் கிராமா, பங்கை கார்டினல் போன்ற சாதுவான சிறு மீன்கள் ஒத்துப்போகும். சிங்க மீன், களவா, பெரிய கிளாத்தி கூடாது. சாமந்தி கட்டாயம் இல்லை. மற்றச் சிறு மீன்களை அது பிடித்துத் தின்னவும் கூடும்.

கோமாளி மீனுக்குப் பெரிய எதிரி, பல தொட்டிகளில், அளவு பார்க்காமல் கூடவே விட்ட இன்னொரு கோமாளி மீன்தான்.