செல்டம் சீன்: வாரம் ஒருநாள் கூடிய வாஷிங்டன் குழு

செல்டம் சீன் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தைச் சேர்ந்த புளூகிராஸ் இசைக்குழு. மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில், பாஞ்சோ கலைஞர் பென் எல்ட்ரிட்ஜின் வீட்டு அடித்தளத்தில் நண்பர்கள் சேர்ந்து வாசித்ததிலிருந்து 1971இல் உருவானது. பெயருக்கு ‘அரிதாகக் காணப்படுவோர்’ என்று பொருள். வாரத்துக்கு ஒரு கச்சேரிக்கு மேல் செய்யப்போவதில்லை என்று இவர்கள் சொன்னபோது, கன்ட்ரி ஜென்டில்மென் குழுவின் பாடகர் சார்லி வாலர் கேலியாகச் சொன்ன வார்த்தை அது என்பார்கள். ஆங்கிலத்தில் ‘seen’ என்பதற்குப் பதில் ஒரே ஒலிப்புள்ள ‘scene’ என்ற சொல்லை வைத்து, எழுத்தை மட்டும் சற்று மாற்றி அதையே பெயராக்கிக்கொண்டார்கள்.

வாரம் ஒருநாள் என்ற கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருந்தது. குழுவின் ஐவரில் ஒருவர் கணிதவியலாளர், ஒருவர் ராணுவ மருத்துவர், ஒருவர் விளம்பர ஓவியர், ஒருவர் வரைபடக் கலைஞர், ஒருவர் இசைக்கருவிகளைப் பழுதுபார்ப்பவர். வயிற்றுப்பாட்டுக்கு வேலை இருந்ததால் மேடைக்காகத் தங்களை மாற்றிக்கொள்ளும் தேவை இவர்களுக்கு இல்லை. பிடித்ததை மட்டும், பிடித்த விதத்தில் வாசித்தார்கள். இந்தக் குழுவின் இசையில் உள்ள நிதானத்துக்கு அதுவே வேர்.

புளூகிராஸ் மலைநாட்டு இசை. கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோவின் ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவின் பெயரே இந்த இசைவகைக்கும் பெயரானது. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோ வாசிப்போடு அதில் சேர்ந்தபின் இதன் முகம் தெளிவானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, கரோலினா மலைப்பகுதி மக்கள் வேலை தேடி வாஷிங்டனுக்கு வந்தார்கள். பாட்டும் கூடவே வந்தது. 1967 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் டபிள்யூஏஎம்யூ வானொலி புளூகிராஸை ஒலிபரப்பியது. மலைக்காரர்களின் பிள்ளைகளோடு நகரத்துப் படிப்பாளிகளும் கேட்கும் இசையாக அது மாறியிருந்த இடத்தில்தான் செல்டம் சீன் பிறந்தது.

குழுவின் மையம் ஜான் டஃபி (1934–1996). வாஷிங்டனில் பிறந்தவர். தந்தை ஆப்பரா பாடகர்; மகனின் குரலில் அந்த வீச்சு இருந்தது. மற்றவர்களின் குரல் முடியும் இடத்துக்கு மேலே ஏறி, அங்கே நடுங்காமல் நிற்கும் மேல்குரல். 1957இல் தொடங்கிய கன்ட்ரி ஜென்டில்மென் குழுவை நிறுவியவர்களில் ஒருவரான டஃபி, ஊர் ஊராகச் சுற்றும் அலைச்சல் சலித்து 1969இல் விலகினார்; விமானப் பயணமும் அவருக்குப் பிடிக்காது. பிறகு வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இசைக்கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். மாண்டலின் வாசிப்பில் அடக்கம் தெரியாதவர். நான்கு ஜோடித் தந்திகள் கொண்ட அந்தச் சிறு கருவியில், புளூகிராஸ் கலைஞர்கள் தாளத்தின் எதிரடியில் தந்திகளை அடித்து உடனே அமுக்குவார்கள். முரசு இல்லாத குழுவில் முரசின் வேலை அது. டஃபி அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே திடீரெனச் சுருதியைத் தாறுமாறாக உடைத்து ஓடி, கடைசி நொடியில் வந்து சேர்ந்துகொள்வார். ஒட்ட வெட்டிய முடியும் பகட்டான கால்சட்டையுமாக மேடையில் நின்று அவர் பேசும் நகைச்சுவைக்காகவே வந்தவர்களும் உண்டு.

டஃபிக்கு நேரெதிரான இயல்புடையவர் மைக் ஆல்ட்ரிட்ஜ் (1938–2012). கருவி டோப்ரோ. ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த டோபெரா சகோதரர்கள் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய கிட்டார் இது, பெயரும் அவர்களுடையதே. மரப்பெட்டியின் நடுவே, வெளியே துளையிட்ட உலோக மூடி தெரியும். அதன் அடியில் மெல்லிய அலுமினியக் கூம்பு. தந்தியின் அதிர்வைக் கூம்புதான் பெருக்கிக் கொடுக்கிறது. கருவியைக் கிடையாகப் பிடித்து, இடக்கையில் உருக்குத் துண்டைத் தந்திகள் மேல் வழுக்கிச் செல்லவிட்டு, வலக்கை விரல்களில் மாட்டிய நகங்களால் மீட்ட வேண்டும். இழுக்கும்போது சுரம் இடைவெளியின்றி ஊர்ந்து போகும். ஒரு மயிரிழை தவறினாலும் அபசுரம். 1955இல் ஃப்ளாட்–ஸ்கிரக்ஸ் குழுவுக்கு ஜோஷ் கிரேவ்ஸ் கொண்டுவந்த டோப்ரோ முரட்டுத்தனமாக, புளூஸ் வாடையோடு ஒலித்தது. அவரை முன்மாதிரியாகக் கொண்டு கற்ற ஆல்ட்ரிட்ஜ் அதை மெருகேற்றினார். ஒவ்வொரு சுரமும் சுத்தமாக, தேவைக்கு மேல் ஒன்றுகூட இல்லாமல் விழும். ‘டோப்ரோ’ என்ற அவருடைய 1972 தனித்தட்டு இன்றும் இந்தக் கருவியைப் பயில்வோருக்குப் பாடநூல். 2012இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 29இல், 74ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், காலமானார்.

ஜான் ஸ்டார்லிங் (1940–2019) முதன்மைப் பாடகர், கிட்டார் கலைஞர். வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அறுவை மருத்துவர். மென்மையும் லேசான சோகமும் கலந்த குரல். நடுவே ஸ்டார்லிங், மேலே டஃபி, கீழே ஆல்ட்ரிட்ஜ் என்று மூன்று குரல்கள் ஒன்றாய் இழையும் இடங்களே இந்தக் குழுவின் சிகரங்கள். டாம் கிரே நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கத்தில் வரைபடம் வரைந்தவர். கன்ட்ரி ஜென்டில்மென் குழுவில் டஃபியோடு ஏற்கெனவே வாசித்தவர். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பாஸ் வாத்தியத்தை வெறும் தாளக் கருவியாக விடாமல் மெட்டோடு நடக்கவைத்தார். பென் எல்ட்ரிட்ஜ் (1938–2024) வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்த கணிதவியலாளர். பாஞ்சோ கலைஞர்கள் பலர் வேகத்தால் முந்த நினைப்பார்கள். எல்ட்ரிட்ஜ் பாடலுக்கு இடம்விட்டு வாசித்தார்.

வாஷிங்டனிலும் பெதஸ்டாவின் ரெட் ஃபாக்ஸ் இன்னிலும் தொடங்கிய வாராந்தரக் கச்சேரி, பின்னர் வர்ஜீனியாவின் பர்ச்மியர் அரங்கில் வியாழக்கிழமை வழக்கமாக ஆண்டுக்கணக்கில் நடந்தது. உணவுமேசைகள் நிறைந்த இடம்தான். ஆனால் பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது என்பது அங்கே விதி.

1972இல் வெளிவந்த முதல் தட்டிலேயே ஜேம்ஸ் டெய்லர், ஸ்டீவ் குட்மன் போன்றோரின் புதிய பாடல்கள் இருந்தன. மலைநாட்டுப் பாட்டுக்கு வெளியே கைநீட்டிய இந்தத் துணிவு பழமைவாதிகளுக்கு உறுத்தியது. ஆனால் மெட்டு எங்கிருந்து வந்தாலும் கருவிகளும் குரலிணைப்பும் புளூகிராஸாகவே இருந்தன. 1974இன் ‘ஓல்ட் டிரெயின்’ தட்டில் பாடகி லிண்டா ரான்ஸ்டட் இவர்களோடு பாடினார்.

மருத்துவப் பணிக்காக 1977இல் ஸ்டார்லிங் விலக, ஃபில் ரோசன்தால் வந்தார். 1986இல் அவருக்குப் பதில் லூ ரீட். அடுத்த ஆண்டு கிரே போனதும் டி. மைக்கேல் கோல்மன் மின்பாஸோடு சேர்ந்தார். பெரிய பிளவு 1990களின் நடுவில். முழுநேரமும் இசையில் இருக்க விரும்பிய ஆல்ட்ரிட்ஜ், கோல்மன், அப்போதைய பாடகர் மூண்டி க்ளைன் ஆகியோர் செசபீக் என்ற குழுவுக்குப் போனார்கள். வாரம் ஒருநாள் என்ற ஏற்பாடு எதைக் கொடுத்ததோ, அதற்கு விலையாக இதையும் கேட்டது. டட்லி கானல், ரானி சிம்ப்கின்ஸ், ஃபிரெட் டிராவர்ஸ் ஆகியோரைச் சேர்த்து டஃபியும் எல்ட்ரிட்ஜும் குழுவைத் தூக்கி நிறுத்தினார்கள். 1996 டிசம்பர் 10இல் டஃபி மாரடைப்பால் இறந்தபோது பலர் குழுவும் முடிந்தது என்றே நினைத்தார்கள். அது முடியவில்லை.

2014இல் முதல் ஐவரும் சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டனர். குழுவில் கடைசியாக மிஞ்சியிருந்த நிறுவனர் எல்ட்ரிட்ஜ் 2016இல் ஓய்வு பெற்றார். அவருடைய மகன் கிறிஸ் எல்ட்ரிட்ஜ் பஞ்ச் பிரதர்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர்.

இந்தக் குழுவைப் புதிதாகக் கேட்க விரும்புவோர், 1974 டிசம்பரில் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் பதிவாகி 1975இல் வெளிவந்த ‘லைவ் அட் தி செல்லார் டோர்’ இரட்டைத் தட்டிலிருந்து தொடங்குவது நல்லது. ஐவரும் ஒரே மேடையில் இருக்கிறார்கள். டஃபியின் பேச்சும் கூட்டத்தின் சிரிப்பும் அதில் அப்படியே பதிவாகியிருக்கின்றன.