நீரிழிவும் நாட்பட்ட அழற்சியும்

நோய் எதிர்ப்பு மண்டலம் ஆண்டுக்கணக்கில் மெலிதாகக் கிளர்ந்தே இருக்கும் நிலை நாட்பட்ட அழற்சி எனப்படும். காயத்தில் காணும் சிவப்போ வலியோ இதில் இராது. ஆனாலும் இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாத இன்சுலின் எதிர்ப்புக்கும், அதன்வழி இரண்டாம் வகை நீரிழிவுக்கும் இது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

வினை பெரும்பாலும் வயிற்றுக் கொழுப்பில் தொடங்குகிறது. கொழுப்புச் செல்கள் மிகைப் பருமனாகும்போது மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, டி.என்.எஃப்.-ஆல்ஃபா போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. இவற்றால் இன்சுலினின் ஆணையைச் செல்லுக்குள் கடத்தும் ஐ.ஆர்.எஸ்.-1 புரதம் முடங்குகிறது. ஈடுகட்ட மேலும் மேலும் இன்சுலின் சுரந்து கணையம் தளர்கிறது. 1993இல் ஹோட்டாமிஸ்லிகிலும் சகாக்களும் பருத்த எலிகளின் கொழுப்பில் இந்த டி.என்.எஃப். மிகுந்திருப்பதைக் காட்டினர். ஒல்லியாகத் தெரியும் இந்தியர்க்கும் வயிற்றுக்குள் கொழுப்பு கூடியிருப்பதுண்டு. எடையை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ளலாகாது.

காஞ்சிபுரம் மாவட்டம் இத்துறையில் தனி இடம் பெற்றது. மண்வழி தோலில் புகுந்து குடலில் தங்கும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு உள்ள நீரிழிவு நோயாளிகளை இம்மாவட்டத்தில் ஆய்ந்தபோது, அழற்சிப் புரதங்கள் அவர்களிடம் குறைவாக இருந்தன. புழுமருந்து தந்தபின் அவை உயர்ந்தன. யானைக்கால் புழுத் தொற்று நீரிழிவு உள்ளோரிடம் குறைவு என்று 2010இல் சென்னை ஆய்வொன்றும் கூறியது. இதற்காகப் புழுவை வளர்த்துக்கொள்ளக் கூடாது: ஸ்ட்ராங்கிலாய்டிஸ், எதிர்ப்புசக்தி குன்றியவரின் உயிரையே பறிக்கும். அழற்சியைப் புழு எப்படித் தணிக்கிறது என்று அறிவதே ஆய்வின் பயன்.

அழற்சியை மட்டும் அடக்கினால் போதுமா? கனகினுமாப் மருந்தைப் பத்தாயிரம் இதயநோயாளிகளிடம் சோதித்ததில் அழற்சி தணிந்தது. ஆனால் புதிதாக நீரிழிவு வருவதை அது தடுக்கவில்லை. ஈறு நோய்க்கு மருத்துவம் செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சற்றே இறங்குகிறது. இவற்றைவிட உறுதியான வழி உணவும் நடையும். சென்னையில் ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு (2006), உட்கார்ந்த வேலையில் இருப்போரைத் தினமும் அரைமணி நேரமாவது விறுவிறுப்பாக நடக்கச் சொன்னது. உணவு மாற்றமும் சேர, நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.