முன்பாரம், பின்பாரம்: வீட்டை இழுத்துக்கிட்டுப் போன கதை

ரெண்டு வருஷம் முன்னாடி கோடை லீவுக்கு நாங்களும் நண்பர் குடும்பமும் சேர்ந்து ஒரு டிராவல் ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்தோம். தெரியாதவங்களுக்கு: காருக்குப் பின்னால கொக்கி போட்டு இழுத்துட்டுப் போற சக்கரம் வெச்ச வீடு அது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். அமெரிக்காவுக்கு வந்த நாள்லேர்ந்து அதுல ஒரு தடவையாவது போகணும்னு எனக்கு ஆசை.

குழந்தைங்களோட நாலு சைக்கிளையும் பின்பக்கம் கட்டினோம். அரிசி மூட்டை, ஐஸ் பெட்டி, தண்ணி கேன் எல்லாத்தையும் பின்னாடி இருந்த அலமாரியில அடுக்கினோம். இடம் அங்கதானே இருந்துச்சு!

நெடுஞ்சாலையில 65 மைல் வேகத்துல போயிட்டிருந்தப்ப ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டுச்சு. அந்தக் காத்துல ட்ரெய்லர் லேசா வாலாட்ட ஆரம்பிச்சது. அடுத்த ஆட்டம் அதைவிடப் பெருசு, அதுக்கடுத்தது இன்னும் பெருசு. கண்ணாடியில பாத்தா வீடு ஒரு தடவை இடது பக்கம் தெரியுது, ஒரு தடவை வலது பக்கம் தெரியுது. பயத்துல கால் தன்னால ஆக்ஸிலரேட்டரை விட்டுடுச்சு. அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. வேகம் குறைய ஆட்டமும் அடங்கிடுச்சு. பின் சீட்டுல நாலு குழந்தைங்க. அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

அடுத்த ஓய்விடத்துல நிறுத்தினோம். பக்கத்துல ட்ரெய்லரோட நின்ன ஒரு வெள்ளைக்காரத் தாத்தா எங்க வண்டியை ஒரு பார்வை பாத்தாரு. "பின்னால என்ன வெச்சிருக்கீங்க?"ன்னு மட்டும்தான் கேட்டாரு. எல்லாத்தையும் இறக்கி அச்சுக்கு முன்னால ஏத்தச் சொன்னாரு. அதுக்கப்புறம் வண்டி ரயில் மாதிரி போச்சு.

எனக்கு வெக்கமாப் போச்சு. ஏன்னா எங்க தாத்தா மாட்டுவண்டி வெச்சிருந்தவரு. மூட்டை ஏத்தினதும் நுகத்தடியைக் கையால தூக்கிப் பாத்துட்டுத்தான் மாட்டைப் பூட்டுவாரு. முன்பாரம் அதிகமானா மாட்டுக் கழுத்து புண்ணாகும். பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேல தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். கொஞ்சம் முன்பாரம் இருக்கணும், அவ்வளவுதான். இது தெரிஞ்சும் நான் கோட்டை விட்டேன். அப்புறம்தான் இந்த ட்ரெய்லர்க்காரங்க இதையெல்லாம் எப்படிக் கத்துக்கிட்டாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

வாலி பயம்னு ஒருத்தர். (பேரே பயம்தான் :-)) 1896ல ஆரெகன் மாநிலத்துல பிறந்தவரு. வெள்ளி மாதிரி பளபளன்னு ஓடுற ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லரைப் பாத்திருப்பீங்களே, அதை ஆரம்பிச்சவரு இவருதான். சின்ன வயசுல ஆடு மேய்ச்சப்ப, கழுதை இழுக்கிற ரெண்டு சக்கர வண்டியில அடுப்பு, தண்ணி, படுக்கையெல்லாம் வெச்சுக்கிட்டு அதுலேயே வாழ்ந்திருக்காரு. அமெரிக்காவோட பேர்பெற்ற ட்ரெய்லருக்கு மூலம் ஒரு கழுதைவண்டி!

ரெண்டு சக்கர வண்டிக்கு எல்லா ஊர்லயும் ஒரே விதிதான். ஆனா மாடும் கழுதையும் நடந்துதான் போகும். பாரம் தப்பா இருந்தா பிராணிக்குத்தான் வலி. அதே வண்டியைக் காருக்குப் பின்னால கட்டினதும் புதுசா ஒண்ணு வந்து சேர்ந்துச்சு: வேகம். ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதுக்குக் கீழ போனா ஆட்டம் தானா அடங்கும், மேல போனா தானா வளரும். பின்பாரம் ஏற ஏற அந்த எல்லை கீழே இறங்கும். எங்க சைக்கிளும் ஐஸ் பெட்டியும் அதை 65 மைலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்துச்சு.

அமெரிக்காவுல கார் பரவினதுமே இந்த ஆசையும் பரவிடுச்சு. 1919லயே ஃப்ளோரிடாவுல டாம்பா நகரத்துல 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்துல பல பேர் ட்ரெய்லரைக் காரோட பம்பர்லயே மாட்டி இழுத்தாங்க.

இதைச் சரியா யோசிச்சவங்கள்ல ரெண்டு பேர் விமானக்காரங்க. பாரம் எங்க உக்காருதுங்கிறது விமானத்துக்கு உயிர்ப் பிரச்சினையாச்சே. முதலாமவர் க்ளென் கர்டிஸ். 1920களோட கடைசியில ஏரோகார்னு ஒரு ட்ரெய்லர் செஞ்சாரு. அதோட முன்பாரத்தைப் பம்பர்ல தொங்கவிடாம, காரோட பின் அச்சுக்கு மேலயே ஏத்தினாரு. இணைப்புல குலுங்காம இருக்க விமான டயர் ஒண்ணைப் படுக்கவெச்சு மாட்டினாரு. அருமையான யோசனை. ஆனா அதுக்குக் காரையே மாத்திக் கட்டணும். பின்னாளில பிக்கப் ட்ரக் முதுகுல மாட்டுற 'ஐந்தாம் சக்கர' ட்ரெய்லரா இதே தத்துவம்தான் திரும்பி வந்துச்சு.

ரெண்டாமவர் ஹாலி போலஸ். லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டின விமானத்தை 1927ல கட்டின வேலையை மேற்பார்வை பண்ணினவரு, கிளைடர் நிபுணர். 1934ல அலுமினியத்துல 'ரோட் சீஃப்'னு ஒரு ட்ரெய்லர் செஞ்சாரு. லேசான உடம்பு, காத்தைக் கிழிக்கிற வடிவம். ஆனா வாசல் முன்பக்கம், கொக்கிக்கு மேல! அவரோட கம்பெனி நொடிச்சுப் போனதும், 1936ல பயம் அதே மாதிரி ஒண்ணை, வாசலை மட்டும் பக்கவாட்டுக்கு மாத்தி, 'க்ளிப்பர்'னு 1,200 டாலருக்கு வித்தாரு. அதுக்கு முன்னாடியே தரையைச் சக்கரங்களுக்கு நடுவுல இறக்கி, ஆள் நிமிர்ந்து நிக்கிற மாதிரி பண்ணியிருந்தாரு. நிக்க வசதி, கூடவே பாரமும் தாழ்வா உக்காந்துச்சு.

1947ல ஆல்ஃப்ரெட் லெத்தூர்னர்னு ஒரு பிரெஞ்சு சைக்கிள் வீரர் ஏர்ஸ்ட்ரீமைச் சைக்கிள்ல கட்டி இழுத்துக் காட்டினாரு. அந்தப் படம் ரொம்பப் பிரபலம். இழுக்கிறது பெரிய விஷயமில்லைங்க. கொக்கியில அழுத்துற பாரம்தான் விஷயம்.

போருக்கப்புறம் ட்ரெய்லர்கள் நீளமாச்சு, கனமாச்சு. கார்களோ மெத்துன்னு குலுங்கற ஸ்பிரிங்கோட வந்துச்சு. முன்பாரம் மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் இருக்கணும்ங்கிறது அமெரிக்கக் கணக்கு. 2,500 கிலோ ட்ரெய்லருக்கு 300 கிலோன்னு வெச்சுக்கோங்க. கொக்கி பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால இருக்கு, காரோட ரெண்டு அச்சுக்கும் நடுவுல 3 மீட்டர். அப்போ பின் சக்கரத்துல ஏறுறது 300 இல்லை, 450 கிலோ. மிச்ச 150 கிலோ முன் சக்கரத்துலேர்ந்து போயிடும். நெம்புகோல்தான். காரோட மூக்கு வானத்தைப் பாக்கும், ஸ்டியரிங் பிடிக்காது, ராத்திரியில விளக்கு எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும்.

அப்போ முன்பாரத்தைக் குறைச்சுடலாமேன்னு தோணும். குறைச்சா வாலாட்டம்! இந்த இடியாப்பச் சிக்கலுக்கு வந்த பதில்தான் பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிற ஹிட்ச். காரோட கொக்கியிலேர்ந்து ரெண்டு எஃகுக் கம்பி பின்னால போய், ட்ரெய்லர் சட்டத்துல சங்கிலியால இழுத்து மாட்டப்படும். ரெண்டு கைப்பிடி வெச்ச தள்ளுவண்டியைத் தூக்குற மாதிரி அந்தக் கம்பிகள் காரோட பின்பக்கத்தைத் தூக்கும். போன பாரத்துல ஒரு பங்கு முன் சக்கரத்துக்குத் திரும்பும், ஒரு பங்கு ட்ரெய்லர் அச்சுக்குப் போகும்.

இதை நிரூபிக்க ரீஸ் கம்பெனிக்காரங்க ஒரு வித்தை காட்டினாங்க. முன் சக்கரத்துல ஓடுற ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ 1966 மாடலா வந்திருந்த காலம். அந்தக் காரோட பின் சக்கரங்களைக் கழட்டிட்டு, ட்ரெய்லரை மாட்டி, கம்பியை இறுக்கி ஓட்டினாங்க. காரோட பின்பக்கத்தைத் தாங்கினது அந்தக் கம்பிகள் மட்டும்தான்.

இந்த வித்தையிலயே ஒரு எச்சரிக்கையும் இருக்கு. பின் சக்கரம் தரையைத் தொடாம இருக்கிற அளவுக்கு இறுக்க முடியும்னா, சாதாரணக் கார்ல அதிகமா இறுக்கினா பின் டயருக்குப் பிடிப்பு குறையும். வளைவுல பின்பக்கம் வழுக்கும். முன்னெல்லாம் காரோட முன்னும் பின்னும் ஒரே அளவு தாழணும்னு சொல்லிக்கொடுப்பாங்க. இப்போ பல கார் கம்பெனிகள் முன்பக்கம் இழந்ததுல பாதி திரும்பினாலே போதும்னு சொல்றாங்க. உங்க கார் புத்தகம் என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு.

வழிமுறை சுலபம். ட்ரெய்லரை மாட்டறதுக்கு முன்னாடி, முன் சக்கர வளைவு தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு டேப்பால அளந்துக்கோங்க. மாட்டினப்புறம் அளந்தா ஏறியிருக்கும். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியா இறுக்கி, ஏறினதுல புத்தகம் சொல்ற அளவுக்கு இறக்குங்க. ட்ரெய்லர் தரைக்கு மட்டமா நிக்கணும். தண்ணித் தொட்டி எங்க இருக்குன்னும் பாருங்க. 150 லிட்டர்னா 150 கிலோ. அது அச்சுக்குப் பின்னால இருந்தா எல்லாக் கணக்கும் மாறிடும்.

இப்போ ஆட்டம் வந்தா தானா பிரேக் போடுற எலக்ட்ரானிக் வசதி நிறையக் கார்கள்ல இருக்கு. நல்லதுதான். ஆனா அது ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் செய்யற வைத்தியம். தப்பா ஏத்தின மூட்டையை அதால நகர்த்தி வைக்க முடியாது. ஹிட்ச்சும் அப்படித்தான், பின்பாரத்தை முன்பாரமா மாத்தாது.

வாடகைக்குக் கொடுத்தவங்க எங்ககிட்ட கக்கூஸ் தொட்டியை எப்படிக் காலி பண்றதுன்னு அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தாங்க. சாமானை எங்க வைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லலை. நானும் கேக்கலை. இந்தக் கோடையிலயும் நம்ம ஆளுங்க நிறையப் பேரு கிளம்புவீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி எங்க தாத்தா மாதிரி ஒரு தடவை நுகத்தடியைத் தூக்கிப் பாத்துட்டுப் போங்க.